ஒன்பது கார்னர்களின் பழி

2024 ஜனவரி 19. ராஞ்சியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜப்பானுக்கு எதிராக இந்திய மகளிர் ஹாக்கி அணிக்கு ஒன்பது பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. ஒன்றுகூட கோலாகவில்லை. ஆறாவது நிமிடத்தில் ஜப்பானின் கானா உராத்தா போட்ட ஒரே கோல் கடைசி விசில் வரை நிலைத்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இருந்த கடைசி வழி அத்தோடு அடைபட்டது. டோக்கியோவில் நான்காவது இடம் பிடித்த அணி, அடுத்த ஒலிம்பிக்கை வீட்டிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

மறுநாள் விளையாட்டுப் பக்கங்கள் அந்தப் பெண்களை எப்படி நடத்தின என்பது நினைவிருக்கும். சொதப்பல், கோட்டை விட்டனர், வாய்ப்பை வீணடித்தனர் என்று எல்லாச் சொல்லும் வீராங்கனைகளை நோக்கியே வந்து விழுந்தது. கோல் போட வேண்டியவர்கள் போடவில்லை, ஆகவே குற்றவாளிகள் அவர்களே என்று வழக்கை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு அநியாயமானது. அதை ஏற்க மறுக்கிறோம். கோல் வறட்சிக்கு ஆளான இளம் வீராங்கனைகள் ராஞ்சியில் தங்களால் இயன்றதை நேர்மையாகச் செய்தார்கள். அவர்களின் பயிற்சியாளர் ஒரு விஷயத்தில் தவறினார், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றில் சரியாக நடந்துகொண்டார். தவறியவர்கள் மேலே இருந்தவர்கள். அவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை.

முதலில் அந்தப் பெண்களைப் பற்றி. இதே ராஞ்சியில், ஜெய்பால் சிங் பெயர் தாங்கிய இதே மைதானத்தில், இரண்டரை மாதம் முன்பு 2023 நவம்பர் 5 அன்று, இதே ஜப்பானை ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில் 4-0 என்று வென்றவர்கள் இவர்கள். சங்கீதா குமாரி, நேகா, லால்ரெம்சியாமி, வந்தனா கட்டாரியா ஆளுக்கொரு கோல் போட்டார்கள். எழுபத்தைந்து நாளில் அவர்களின் கை மறந்துவிடவில்லை, கால் தளர்ந்துவிடவில்லை. ஆனால் வந்தனா தகுதிச் சுற்றுக்குச் சற்று முன்னால் காயம்பட்டு விலக நேர்ந்தது. அணியிலேயே அதிக அனுபவம் கொண்ட முன்கள வீராங்கனை இல்லாமல், இருபது வயதுக்காரிகளும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்களும்தான் கோல் போடும் சுமையைத் தாங்கினார்கள். சங்கீதா, சலீமா டெடே, பியூட்டி டுங்டுங் மூவரும் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்துப் பெண்கள். தங்கள் சொந்த மக்கள் நிறைந்த அரங்கில் ஆடினார்கள். அந்த ஆரவாரம் கோல் விழும்போது தோள் கொடுக்கும், விழாதபோது அதே தோளை அழுத்தும்.

முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்றார்கள். அடுத்த நாளே நியூசிலாந்துக்கு எதிராக முதல் கால் பகுதிக்குள் சங்கீதா, உதிதா, பியூட்டி மூன்று கோல் போட்டு 3-1 என்று ஆட்டத்தை முடித்தார்கள். இத்தாலியை 5-1 என்று வென்றார்கள். அரையிறுதியில் ஜெர்மனி 57-ஆவது நிமிடத்தில் இரண்டாவது கோலைப் போட்டு முந்தியபோது, 59-ஆவது நிமிடத்தில் இஷிகா சவுத்ரி சமன் செய்தார். ஷூட் அவுட்டில் 3-4 என்று வாய்ப்பு நழுவியது. மறுநாள்தான் ஜப்பான் ஆட்டம். தோல்வி கண்ட மறுநாள் மூன்று கோல் போட்டவர்களை, கடைசி நிமிடத்தில் ஆட்டத்தை மீட்டவர்களை, மனவலிமை இல்லாதவர்கள் என்று எழுதுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாகப் பழி சொல்ல மாட்டார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவர் கண்ணுக்குக் கடைசியாக அடிப்பவர் மட்டுமே தெரிகிறார். உண்மையில் அது மூன்று பேரின் வேலை. ஒருவர் கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி எல்லைக் கோட்டில் நின்று பந்தை உள்ளே தள்ளுகிறார். அது வட்டத்துக்கு வெளியே சீராக, துள்ளாமல், குறிபார்த்த இடத்துக்கு வர வேண்டும். அங்கே இன்னொருவர் குனிந்து அதை அசையாமல் நிறுத்த வேண்டும். மூன்றாமவர் ஓடிவந்து, மட்டையின் வளைவில் பந்தைப் பிடித்து இழுத்து, இடுப்பைச் சுழற்றிக் கோலை நோக்கி வீசுகிறார். இதுதான் டிராக் ஃபிளிக். இதற்குள் கோல் கோட்டுக்குப் பின்னால் இருந்து எதிரணியின் ரஷ்ஷர் முகக் கவசத்தோடு நேராகப் பாய்ந்து வந்துவிடுவார். உள்ளே தள்ளும் பந்து ஓர் அடி விலகினாலும், நிறுத்துபவர் மட்டையில் அது ஒரு கணம் துள்ளினாலும், கடைசியில் அடிப்பவர் எவ்வளவு வல்லவராக இருந்தாலும் பந்து ரஷ்ஷரின் காலிலோ கோல்கீப்பரின் பேடிலோதான் போய் முட்டும். பிழை முதல் கையில் நடந்திருக்கலாம். பெயர் மட்டும் கடைசிக் கைக்காரியோடு ஒட்டிக்கொள்கிறது.

டிராக் ஃபிளிக் ஒரு நாளில் வந்துவிடும் வித்தை இல்லை. முதுகெலும்பையும் இடுப்பையும் முழங்காலையும் கசக்கிப் பிழியும் அசைவு அது. ஆயிரக்கணக்கான முறை செய்துதான் உடல் அதைக் கற்றுக்கொள்ளும். பல ஆண்டுகள் திட்டமிட்டு வளர்க்க வேண்டிய திறமையை, தகுதிச் சுற்று நடக்கும் வாரத்தில் ஓர் இளம் பெண்ணிடம் கறாராகக் கேட்பதில் நியாயம் இல்லை.

இந்த வறட்சி ராஞ்சியில் முளைத்ததும் இல்லை. 2022 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக இந்தியாவுக்குப் பதினைந்து பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. கோலானது ஒன்று. 3-4 என்று தோற்றார்கள். பதினைந்தில் ஒன்று என்ற கணக்கு அப்போதே தேசியக் கூட்டமைப்பான ஹாக்கி இந்தியாவின் மேசையில் இருந்தது. 2021 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திய அந்த ஒற்றை கோல் குர்ஜித் கவுரின் பெனால்டி கார்னரில் வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அணியின் தலையெழுத்தே அந்த ஒரு திறமையைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, குர்ஜித்துக்குப் பின்னால் இரண்டு பேரையாவது தயார் செய்வது யார் பொறுப்பு? ஒன்றரை ஆண்டு கழித்து ராஞ்சியில் அதே குறை அதே வடிவத்தில் வந்து நின்றது. அது விபத்து என்றால் நாம் நம்பத் தயாரில்லை.

பயிற்சியாளர் யானெக் ஷோப்மன் மீது நமக்கு ஒரு குறை உண்டு. ராஞ்சித் தகுதிச் சுற்று அணியில் குர்ஜித் கவுர் இல்லை. அவர் ஆட்டம் மங்கியிருந்தது என்ற வாதம் இருக்கலாம். ஆனால் ஒலிம்பிக் வாய்ப்பை முடிவு செய்யும் ஏழு நாளில், கார்னர் அடித்து ஒலிம்பிக்கில் அணியைக் கரை சேர்த்த ஒரே ஆளை வெளியே வைத்துவிட்டு அந்தச் சுமையை இருபது வயது தீபிகா மேலும், பெரும்பாலும் தற்காப்பில் நிற்கும் உதிதா மேலும் இறக்கி வைத்தது தவறு. மூத்தவர் ஒருவர் அருகில் இருந்தால் இளையவருக்குத் தோற்க இடம் கிடைக்கும். முதல் மூன்று கார்னர் வீணானால் நான்காவதை அவர் எடுப்பார், இளையவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அந்த இடம் தீபிகாவுக்குக் கொடுக்கப்படவில்லை.

ஆனாலும் இதை வைத்து ஷோப்மனை அளந்துவிட முடியாது. ஒரு பயிற்சியாளரின் தரம் கோல் விழாத நாள்களில் அவர் யாரை முன்னால் தள்ளிவிட்டு யார் பின்னால் ஒளிகிறார் என்பதில் தெரிந்துவிடும். அவர் தன் பெண்களின் பின்னால் ஒளியவில்லை. தோல்விக்குப் பிறகு ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிப் பத்திரிகையாளர் முன் தூக்கிப்போடவில்லை. ஒரு மாதம் கழித்து ரூர்கேலாவில் புரோ லீக் ஆட்டங்களில் அதே அணி ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்றது. அடுத்த நாள் அமெரிக்காவை ஷூட் அவுட்டில் வென்றது. அந்த வெற்றிக்குப் பிறகுதான் அவர் உடைந்து அழுதார். பெண்களை மதிக்கும் சூழலில் இருந்து வந்தவள் நான், இங்கே அந்த மதிப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் இடையே பாகுபாடு இல்லை என்று கூட்டமைப்பு மறுத்தது. சில நாளில் அவர் பதவி விலகினார்.

இதில் நம் தீர்ப்பு என்ன என்று மழுப்பாமல் சொல்கிறோம். 2008 பெய்ஜிங்கில் நெதர்லாந்துக்காகத் தங்கம் வென்றவர், அமெரிக்க அணியை வழிநடத்தியவர், இந்தியாவுக்குக் காமன்வெல்த் வெண்கலமும் நேஷன்ஸ் கோப்பையும் வாங்கிக் கொடுத்தவர், வென்ற மாலையில் கண்ணீரோடு அப்படிப் பேசுகிறார் என்றால், அதற்குப் பதில் மறுப்பு அறிக்கை ஆகாது. அவரை அழைத்து உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டதை நாட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேர்மை காட்டப்படவில்லை. அவரைப் பின்னர் ஜெர்மனி தன் மகளிர் அணிக்கு அழைத்துக்கொண்டது.

அதன் பிறகு வந்தவர் ஹரேந்திர சிங். அவருக்கு உரிய பெருமையைக் கொடுக்காமல் போனால் நாமும் அதே குற்றத்தைச் செய்தவர்களாவோம். ராஞ்சியில் ஒன்பது கார்னர்களின் பழியைச் சுமந்த தீபிகாவை அவர் ஓரம் கட்டவில்லை. அதே 2024-ஆம் ஆண்டு நவம்பரிலேயே ராஜ்கீரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராபியில் தீபிகா பதினொரு கோல் போட்டுத் தொடரிலேயே முதலாவதாக வந்தார். பாரிஸில் வெள்ளி வென்ற சீனாவை இறுதி ஆட்டத்தில் 1-0 என்று வீழ்த்திய கோலும் அவருடையதே. அதே ஆட்டத்தில், அதே தீபிகா, தனக்குக் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை சீனக் கோல்கீப்பரிடம் பறிகொடுத்தார். ஆட்டம் முடிய ஒரு கால் பகுதிக்கு மேல் இருந்தது. சீனா ஒரு கோல் திருப்பியிருந்தால் மறுநாள் தலைப்பு என்னவாக இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரே மாலையில் ஒரே பெண் கோலும் போட்டார், வீணாகவும் அடித்தார். அவரது திறமை அந்த இரண்டு நிமிடங்களுக்கு நடுவில் ஏறி இறங்கவில்லை. வறட்சி என்பதும் வெள்ளம் என்பதும் பெரும்பாலும் இப்படித்தான் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. கோல் போடும் ஆட்டக்காரர் எவரும் இதை அறிவார். அவரைத் தேர்வு செய்பவர்களும் அவரைப் பற்றி எழுதுபவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு 2025 ஜூனில் ஐரோப்பாவில் நடந்த புரோ லீக் சுற்றில் எட்டு ஆட்டங்களிலும் தோல்வி. ஒன்பது அணிகளில் கடைசி இடம். லீக்கிலிருந்தே கீழிறக்கம். செப்டம்பரில் ஹாங்சோ ஆசியக் கோப்பைக்குக் காயத்தால் தீபிகா போக முடியவில்லை. இறுதி ஆட்டத்தில் சீனா 4-1 என்று வென்று உலகக் கோப்பைக்கு நேராகப் போயிற்று. டிசம்பரில் ஹரேந்திர சிங்கும் விலகினார். அவர் இடத்துக்கு மீண்டும் ஜோர்ட் மரைன் வந்தார்.

இந்த இரண்டு பெயர்களும் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. 2017-இல் மகளிர் அணியிலிருந்து மரைனை ஆண்கள் அணிக்கு மாற்றி, மகளிர் அணியை ஹரேந்திராவிடம் கொடுத்தார்கள். 2018 மே மாதம் இருவரையும் இடம் மாற்றினார்கள். ஆகப் பத்தாண்டுக்குள் ஒரே இரண்டு பேர் இரண்டு அணிகளுக்கும் போய்ப் போய் வந்திருக்கிறார்கள், நடுவே ஷோப்மன் வந்து காயப்பட்டுப் போயிருக்கிறார். மரைன் நல்ல பயிற்சியாளர். டோக்கியோவின் நான்காவது இடம் அவர் உழைப்பு. அவர் வரவை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒவ்வொரு வறட்சிக்கும் ஒரு பயிற்சியாளரை வெளியே அனுப்பிவிட்டு அதையே நடவடிக்கை என்று காட்டுவது, வீட்டுக் கூரை ஒழுகும்போது பாத்திரத்தை மட்டும் மாற்றி மாற்றி வைப்பதற்குச் சமம். கூரை ஏறிப் பார்த்தவர் யார்?

பார்வையாளர்களாகிய நம்மையும் இந்த விசாரணையிலிருந்து விடுவிக்க முடியாது. டோக்கியோவில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவர் தந்தை இறந்திருந்தார். பெங்களூரு முகாமின் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி இறுதிச் சடங்குக்குப் போக அவரால் முடியவில்லை. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி 1-2 என்று தோற்ற அன்று, ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டின் முன் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி அவர் குடும்பத்தைத் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்றார்கள். காவல்துறை கைது செய்தது. ஆனால் அந்தக் கேவலத்தின் வேர் அந்தச் சிலரோடு நிற்கவில்லை. கோல் விழுந்தால் இந்தியாவின் மகள், விழாவிட்டால் அவள் எந்த ஊர், எந்தச் சாதி, எப்படி அணிக்குள் வந்தாள் என்று தோண்டுவது நம்மிடையே ஊறிப்போன புத்தி. சிம்டேகா ஆதிவாசிப் பெண்ணும் மிசோரம் பெண்ணும் ஹரியானா உழவர் வீட்டுப் பெண்ணும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்தப் புத்தியை எதிர்கொள்கிறார்கள். விளையாட்டு விமர்சனம் என்ற பெயரில் அதை நடமாட விடும் எந்த ஊடகமும் வெட்கப்பட வேண்டும்.

விமர்சனமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கார்னர் ஏன் கோலாகவில்லை, பந்தைத் தள்ளியவர் யார், நிறுத்தியவர் யார், ரஷ்ஷரை ஏமாற்ற மாற்று உத்தி இருந்ததா, அடிப்பதற்கு ஒரே ஆளை நம்பியது ஏன் என்று எழுதுங்கள். அது ஆட்டக்காரருக்கும் உதவும், ரசிகரையும் வளர்க்கும். இத்தனை காலம் ஆடிய ஒருவரை ஒற்றைச் சொல்லில் சொதப்பல் என்று முடிப்பது எழுதுபவரின் சோம்பல்.

எப்படி நடத்தினால் இளையவர்கள் வறட்சியைத் தாண்டுவார்கள் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். 2025 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலுமாக ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. பயிற்சியாளர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று நம் பையன்களை நொறுக்கியது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில், மூன்று கால் பகுதி முடிந்தபோது அர்ஜென்டினாவிடம் 0-2. நாற்பத்தைந்து நிமிடம் ஒரு கோலும் இல்லை. பிறகு 49-ஆவது நிமிடத்தில் அங்கித் பால், 52-இல் மன்மீத் சிங், 57-இல் ஷர்தானந்த் திவாரி, 58-இல் அன்மோல் எக்கா. பத்து நிமிடத்துக்குள் நான்கு கோல், 4-2, வெண்கலம். ஐந்து கோல் வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தோற்ற பையன்களையே மறுபடி நம்பி இறக்கினார்கள். கார்னர் எடுக்க ஒருவர் மட்டும் இல்லை, பலர் இருந்தார்கள். கடைசி நிமிடம் வரை அரங்கம் அவர்களைக் கைவிடவில்லை, சென்னை ரசிகர்களுக்கு இதில் பெருமைப்பட உரிமை உண்டு.

பெண்களுக்கு அந்த ஆழம் ஏன் இல்லை? ஹாக்கி இந்தியா லீக் ஆண்களுக்கு 2013-இல் தொடங்கியது. பெண்களுக்கு முதல் லீக் நடந்தது 2025 ஜனவரியில். அதாவது ராஞ்சித் தோல்விக்கு ஓராண்டு கழித்து. ஆண்களுக்கு எட்டு அணி, பெண்களுக்கு நான்கு. நெதர்லாந்து, ஜெர்மனி, அர்ஜென்டினா நாட்டுப் பெண்களோடு ஒரே அணியில் ஆடி, ஒவ்வொரு வாரமும் நெருக்கடியில் கார்னர் அடித்துப் பழகும் வாய்ப்பு பன்னிரண்டு ஆண்டு தாமதமாக, பாதி அளவில் வந்தது. இந்தத் தாமதத்துக்கு யாரும் பதவி விலகவில்லை.

ஆகவே ஹாக்கி இந்தியாவிடம் நாம் கேட்பவை திட்டவட்டமானவை. தேசிய அணியில் எந்த நேரமும் மூன்று டிராக் ஃபிளிக்கர்களாவது இருக்கும்படி ஜூனியர் மட்டத்திலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுதும் அவர்களோடு இருக்கும் தனிப் பயிற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பந்தைத் தள்ளுபவருக்கும் நிறுத்துபவருக்கும் அதே கவனிப்பு வேண்டும். மரைனுக்கு 2028 லாஸ் ஏஞ்சலிஸ் வரை அவகாசம் தந்து, நடுவில் ஒரு தொடர் தோற்றதற்காக அவர் தலையைக் கேட்பதில்லை என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஷோப்மன் எழுப்பிய புகாருக்கு, அவர் போய்விட்டாலும், எழுத்தில் பதில் வேண்டும்.

தமிழ்நாட்டிடமும் ஒன்று கேட்கிறோம். ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்ற பெயரில் ஆண்கள் அணி இருக்கிறது. மகளிர் லீக்கின் முதல் இரண்டு பருவங்களிலும் நம் மாநிலத்துக்கு அணி இல்லை. ஜூனியர் உலகக் கோப்பைக்காகச் சென்னையிலும் மதுரையிலும் தயார் செய்த மைதானங்கள் இருக்கின்றன, அவற்றை நிரப்பிய ரசிகர்களும் இருக்கிறார்கள். மகளிர் லீக்கின் ஐந்தாவது அணியைத் தமிழ்நாடு எடுக்க முன்வர வேண்டும், அதன் ஆட்டங்களை எழும்பூரில் நடத்த அரசும் மாநில ஹாக்கி சங்கமும் இந்த ஆண்டே கோரிக்கை வைக்க வேண்டும்.